மூளையின் இழைகளும் மனிதர் கண்களும்

பழ ஈயின் மூளை ஒரு கசகசா மணி அளவே இருக்கும். அதனுள் 1,39,255 நரம்பு செல்கள் உள்ளன. அவற்றுக்கு இடையே உள்ள இணைப்புகள் ஐந்து கோடிக்கும் மேற்பட்டவை. இவற்றைக் காட்டும் வரைபடம் 2024ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் வெளியாயிற்று. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாலா மூர்த்தி, செபாஸ்டியன் சியுங் ஆகியோரின் தலைமையில் பல நாட்டினர் கூடிச் செய்த பணி இது. இத்தகைய வரைபடங்களைச் செயற்கை நுண்ணறிவின் வெற்றி என்றே பலரும் கருதுகின்றனர். அது பாதி உண்மையே. மறுபாதி மனிதர் கண்களுக்கு உரியது. அது போதிய அளவு பேசப்படுவதில்லை.

சாதாரண நுண்ணோக்கியால் இப்பணி இயலாது. இரு நரம்பு செல்கள் இணையும் இடத்தில் உள்ள இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டும் எல்லையோ ஏறக்குறைய 200 நானோமீட்டர். ஆதலால் மூளையை ஆஸ்மியம் என்னும் கன உலோகச் சாயத்தில் ஊறவைத்து, பிசினில் இறுகச்செய்து, வைரக் கத்தியால் சீவி, சீவல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படமெடுக்கின்றனர். அந்த ஈயின் மூளை 7,050 சீவல்களாயிற்று. ஒவ்வொன்றின் தடிமனும் சுமார் 40 நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் பருமனுக்குள் இத்தகைய சீவல்கள் இரண்டாயிரம் அடங்கும். படங்களை வரிசை மாறாமல் அடுக்கினால் மூளை முப்பரிமாணத்தில் மீண்டும் உருப்பெறும்.

அதன் பின்னரே உண்மையான உழைப்பு தொடங்குகிறது. ஒவ்வொரு செல்லின் கிளையும் எங்கே செல்கிறது என்று சீவல்தோறும் பின்தொடர வேண்டும். கணினி இதனை விரைவாகச் செய்கிறது. ஆனால் பிழையின்றிச் செய்வதில்லை. ஒரு சீவல் மடிந்தோ கிழிந்தோ கறைபட்டோ இருந்தால், அது இழையை நழுவவிடும். அல்லது அருகிலுள்ள வேறோர் இழையைப் பற்றிக்கொண்டு செல்லும். முதல் பிழையால் ஒரு செல் இரு துண்டாகும். இரண்டாவது பிழையால் தொடர்பே இல்லாத இரு செல்கள் ஒன்றாகிவிடும். இப்பிழைகளை ஆய்வாளர்களும் ஆர்வம் கொண்ட பொதுமக்களும் திரைமுன் அமர்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினர். ஈயின் வரைபடத்தை ஒருவரே திருத்தியிருந்தால் 33 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டுள்ளனர்.

இதற்கு முன்னோடியாக, 2012இல் சியுங்கின் குழு 'ஐவயர்' என்னும் இணைய விளையாட்டை அமைத்தது. எலியின் விழித்திரைச் செல்களுக்கு வண்ணம் தீட்டுவதே ஆட்டம். உலகெங்கும் மக்கள் ஆடினர். ஆடியவருள் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். அதன் பயனாக, கண் அசைவை உணரும் விதம் பற்றிய ஆய்வு 2014இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தபோது, ஆடியோர் குழுவின் பெயரும் ஆசிரியர் பட்டியலில் இடம்பெற்றது. அதுவே முறை. உழைத்தவரைப் பட்டியலில் சேர்ப்பது கொடை அன்று, கணக்கைச் சரியாக எழுதுவதே ஆகும்.

இத்தனை பாடுபட்டு என்ன பயன் என்று வினவுவோரும் உண்டு. அவர்கள் சுட்டுவது ஓர் உருளைப்புழுவை. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள அப்புழுவுக்கு நரம்பு செல்கள் 302. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர், ஜான் ஒயிட் முதலியோர் பத்து ஆண்டுகளுக்கு மேலாக, பெரும்பாலும் கையாலேயே இழைகளைத் தொடர்ந்து, 1986இல் அதன் முழு வரைபடத்தை வெளியிட்டனர். ஆயினும் அப்புழு அடுத்த நொடியில் எப்பக்கம் திரும்பும் என்று இன்றும் எவராலும் உறுதியாகக் கூற இயலாது. தெருக்களின் படத்தைப் பார்த்து வண்டிகளின் ஓட்டத்தை அறிய முடியுமா என்பது அவர்கள் கேள்வி.

கேள்வி நியாயமானதே; முடிவுதான் தவறு. ஓட்டத்தையும் தெருவையும் சேர்த்துப் பார்க்க வழி உண்டு. 2025 ஏப்ரலில் வெளியான எலி மூளை ஆய்வு அதைச் செய்து காட்டியது. உயிரோடு இருந்த எலிக்குத் திரைப்படக் காட்சிகளைக் காட்டி, பார்வைக்குரிய செல்கள் எவ்வாறு இயங்குகின்றன என்று முதலில் பதிவு செய்தனர். பின்னர் மூளையின் அதே பகுதியைச் சீவிப் படமெடுத்தனர். ஒரு கன மில்லிமீட்டர் அளவே உள்ள அத்துண்டில் 52 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் காணப்பட்டன.

ஆனால் மனித மூளை முழுவதையும் விரைவில் வரைந்துவிடலாம் என்று எவரேனும் உறுதி கூறினால், அதனை நம்ப வேண்டுவதில்லை. அதில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் கூகுள் நிறுவனமும் 2024இல் வெளியிட்ட மனித மூளைத் துண்டும் ஏறத்தாழ ஒரு கன மில்லிமீட்டர்தான். அதாவது, மூளையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. வலிப்பு நோய்க்காக அறுவை செய்துகொண்ட பெண் ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டது அது. அதன் படங்கள் மட்டும் 14 லட்சம் கிகாபைட் இடத்தை அடைத்துக்கொண்டன. அத்துண்டின் வரைபடம் எவரும் காணுமாறு இணையத்தில் திறந்து வைக்கப்பட்டுள்ளது. அதன் பெரும்பகுதி கணினி வரைந்தபடியே, எந்த மனிதரும் இன்னும் பார்த்துத் திருத்தாமல் இருக்கிறது.