இரண்டாவது மோட்டார்

ஒரே வீட்டில் இரண்டு மோட்டார் வைத்திருப்போர், தத்தம் இரண்டாவது வண்டியின் குணாதிசயங்களை ஒப்பிட்டு மகிழ்கின்றனர். அச்சந்தோஷத்தில் நமக்கு ஆட்சேபமில்லை. பெட்ரோலில் ஓடும் சிறிய கார்களுக்கு 28 சதவிகிதமாயிருந்த ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே இரண்டாவது வண்டி வாங்குவோர் பெருகுதல் இயல்பே. ஆனால் அவ்வண்டி எங்கே நிற்கிறதென்பதை மாத்திரம் எவரும் ஒப்பிடக் காணோம். சென்னையில் முதல் வண்டி வீட்டுக்குள் நிற்கிறது. இரண்டாவது வீதியில் நிற்கிறது. அது நடைபாதையை அடைத்துக்கொள்ள, வயோதிகரும் பள்ளிச் சிறுவரும் பஸ்களுக்கிடையே நடக்கின்றனர். வீதி பொதுஜனங்களின் சொத்து. தனி மனிதரின் வண்டிக் கொட்டகையன்று.

ஜப்பானில் 1962-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, வண்டி நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடமுண்டென்று போலீசாரின் அத்தாட்சி பெற்றாலன்றி நகரங்களில் கார் பதிவாகாது. அவ்விடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருத்தலும் வேண்டும். கார் உற்பத்தியில் பெயர்பெற்ற தேசமே இவ்விதியைக் கைக்கொண்டிருக்க, இதனால் தொழில் நசிக்குமென்பது வீண் வாதம். தமிழ்நாடு சர்க்கார் இரண்டாவது வண்டிக்கேனும் இத்தகைய விதியைத் தாமதமின்றி அமலுக்குக் கொண்டுவர வேண்டும். இடமுள்ளவர் வாங்கட்டும், இடமில்லாதவர் ஊராரின் வீதியை எடுத்துக்கொள்வது நியாயமாகாது.