மனை வாங்கும் முன் ஒரு பாடம்

கோவையில் சரவணம்பட்டி, காளப்பட்டி பக்கம் காடு தோட்டங்கள் பல, "சைட்" ஆகிவிட்டன. கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு சைட் வாங்க ஆசை. ஆசை நல்லதுதான். ஆனால் பணம் சேரும் முன்னே படிப்பு வேண்டும். பத்திரம் பார்க்கும் படிப்பு!

18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. அனுமதி பெறாத புது மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்பது 2016 முதல் சட்டம். மலிவு என்று முன்பணம் கொடுத்தால், தகப்பனாரின் சேமிப்பும் முடங்கும்.

நிலத்தின் மேல் அடமானம், வில்லங்கம் உண்டா? பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். மூலப்பத்திரம், பட்டா இரண்டையும் ஒப்பிட வேண்டும். நான்கு எல்லையையும் நடந்து பார்க்க வேண்டும்.

முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 10 லட்சம் ரூபாய் மனைக்குப் பொதுவாக 90 ஆயிரம் தனிச் செலவு.

படிக்கும்போதே இதைப் பழகிய பிள்ளை, சம்பாதிக்கும்போது ஏமாறாது.