பூட்டில்லாத கைப்பேசி

கைப்பேசி வாங்கச் செல்வோர் அதன் விலையையும் ஒளிப்படக் கருவியின் திறனையும் மின்கலத்தின் ஆற்றலையும் ஆராய்கின்றனர். ஆனால், "எல்லா நிறுவனங்களின் சிம் அட்டைகளையும் இஃது ஏற்குமா?" என்று வினவுவோர் சிலரே. முதலில் கேட்க வேண்டிய வினா அதுவே என்பது என் கருத்து.

கைப்பேசிகள் இருவகைப்படும். ஒரு வகை, எந்த நிறுவனத்தின் சிம் அட்டையையும் ஏற்கும். மற்றொரு வகை, தொலைத்தொடர்பு நிறுவனத்தால் மென்பொருள் வழியே பூட்டப்பட்டிருக்கும். பிற நிறுவனத்தின் சிம் அட்டையைப் பொருத்தினால் அழைப்பும் இணையமும் கிடைக்கமாட்டா. அமெரிக்காவில் இவ்வகை விற்பனை மிகுதி. நம் நாட்டில் பெரும்பாலான கைப்பேசிகள் பூட்டின்றியே விற்கப்படுகின்றன. எனினும், 2017ஆம் ஆண்டு 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு அறிமுகமான ஜியோபோன், அந்நிறுவனத்தின் சிம் அட்டைக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை, 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. பூட்டிய கைப்பேசியை வைத்திருப்பவருக்கோ அவ்வுரிமை பாதியே பயன்படும். நிறுவனத்தை மாற்றினால் கருவியையும் மாற்ற வேண்டும். பணி மாறுதலால் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஓர் ஊரில் தெளிவாகக் கிடைக்கும் அலைவரிசை, மற்றோர் ஊரில் கிடைக்காமல் போகலாம். அங்குப் பூட்டிய கைப்பேசியால் என்ன பயன்?

"குறைந்த தொகைக்கும் தவணைக்கும் கிடைப்பதால் ஏழைகளுக்கு நன்மைதானே?" எனச் சிலர் வினவலாம். அந்நன்மையை நான் மறுக்கவில்லை. ஆயினும், தவணையைப் பெறுவதற்கு ஒப்பந்தமே போதும், பூட்டுத் தேவையில்லை. கனடாவில் 2017 டிசம்பர் முதலும், பிரிட்டனில் 2021 டிசம்பர் முதலும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பூட்டிய கைப்பேசிகளை விற்பது தடைசெய்யப்பட்டது. அதன் பின்னரும் அங்குத் தவணை விற்பனை நின்றுவிடவில்லை.

மேலும், குறைந்த முன்பணம் குறைந்த விலையாகிவிடாது. மாதந்தோறும் கட்டாயமாகச் செலுத்தும் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மை விலை விளங்கும். ஆகவே, கணக்கிட்டு வாங்குங்கள். வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டையைக் கடையிலேயே பொருத்திப் பார்த்தபின் பணம் கொடுங்கள். பணம் கொடுத்து வாங்கிய பொருளை விரும்பியவாறு பயன்படுத்துவது வாங்கியவரின் உரிமை. அவ்வுரிமையைத் தள்ளுபடிக்காக விட்டுக்கொடுத்தல் ஆகாது.