சலப் பரிசோதனை வாசலுக்கு வரும்போது

1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி, டிக்கோயா போன்ற மலையகப் பகுதிகளிலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பல. 2008, 2009இல் மறுபடியும் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, அதே காணியில் கிணறு இறைத்துப் பயிர் செய்கிறவர்களும் அவர்களுள் உண்டு. இதை வாசிக்கும் உங்களில் பலர் அவர்களே. உங்கள் உறவினர் இன்னமும் இங்கே லயங்களில் இருக்கிறார்கள். இரு பக்கத்தாருக்கும் பொதுவான, ஆனால் வெட்கத்தால் யாரும் வாய் திறக்காத ஒரு விடயம் சலப் பரிசோதனை.

சலத்தில் நோயைத் தேடுவது புதிதல்ல. எறும்பு மொய்க்கிறதா என்று நம் முன்னோர் பார்த்தார்கள். 1956இல் சீனி இருந்தால் நிறம் மாறும் பட்டி விற்பனைக்கு வந்தது. இப்போது பேசப்படுவது கைக்கடக்கமான மின்வேதிக் கருவி. விரலைக் குத்திச் சீனி வியாதி பார்க்கும் சிறு பெட்டியைக் கண்டிருப்பீர்கள். அதன் தம்பி என்று இதைச் சொல்லலாம். அந்தப் பெட்டியின் பட்டி நுனியில் பூசிய நொதியம் சீனியுடன் மட்டும் வினைபுரியும். அதில் பிறக்கும் சிறு மின்னோட்டத்தைக் கருவி அளந்து எண்ணாகக் காட்டும். 1962இல் அமெரிக்கர் லேலண்ட் கிளார்க் காட்டிய வழி இது. நொதியத்தின் இடத்தில், அல்புமின் என்ற புரதத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரியை வைத்தால், சிறுநீரகம் கசிகிறதா என்று அறியலாம். இவ்வகைக் கருவிகளில் பல இன்னும் ஆய்வுகூடத்தைத் தாண்டவில்லை. தாண்டி வரும்போது நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

கருவி வாசலுக்கு வருவதை நான் வரவேற்கிறேன். 2017 மே மாதம் இந்திய உதவியுடன் கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரி டிக்கோயா கிளங்கனில் திறக்கப்பட்டது. நல்ல கட்டடம்தான். ஆனால் மேற்பிரிவு லயத்திலிருந்து கிளினிக்குக்கு இறங்கி வரும் பெண்ணுக்கு அன்றைய பேர் போய்விடும். பேரை இழந்து சலம் கொடுக்க யார் வருவார்? (மலையில் மலசலகூடம் இல்லாமல், தண்ணீரும் குடிக்காமல், நாள் முழுதும் அடக்கிக்கொண்டு கொழுந்தெடுக்கும் பெண்களுக்குச் சலக்கடுப்பு வருவதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். அங்கே மலசலகூடம் கட்டினால் போதும்.)

உலர் வலயத்தில் இருக்கும் உங்கள் நிலை இதைவிடக் கடுமை. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் வவுனியாவிலும் உண்டு. வயல் வேலை செய்யும் ஆண்களையே அதிகம் தாக்குகிறது. தொடக்கத்தில் நோவில்லை, வீக்கமில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த நோயில் ஆரம்ப நாட்களில் சலத்தில் புரதம் மிகக் குறைவாகவே இறங்கலாம், இறங்காமலும் இருக்கலாம். ஆகவே புரதம் பார்க்கும் பட்டி “இல்லை” என்று காட்டினால் தப்பிவிட்டோம் என்று எண்ணக் கூடாது. இரத்தத்தில் கிரியேற்றினின் அளவையும் பார்க்க வேண்டும். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதாகும்போது சலத்தில் கூடும் கிம்-1, என்கேல் போன்ற புரதங்களை ஆய்வாளர் சோதித்து வருகிறார்கள். அவற்றை நம்பகமாக அளக்கும் மலிவான கருவி வருமானால், கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு முன்னர் அது நெடுங்கேணிக்கும் மெதவச்சிக்கும் போக வேண்டும்.

என் கவலை கருவியைப் பற்றியதல்ல. முடிவு யார் கையில் போகும் என்பதே. லயத்தில் ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஒருவரின் சிறுநீரகம் பழுது என்ற செய்தி துரையின் காதுக்குப் போனால் அவருடைய வேலை என்னாகும்? கடன் கொடுப்பவர் காதுக்குப் போனால்? மகளின் கலியாணம்? முடிவு தமிழில் எழுதப்பட்டு, சோதிக்கப்பட்டவர் கையில் மட்டுமே கொடுக்கப்பட வேண்டும். தோட்ட அலுவலகத்துக்கு அதில் வேலையில்லை.

ஆகவே யாராவது இப்படியொரு கருவியோடு உங்கள் கிராமத்துக்கு வந்தால், சலத்தைக் கொடுக்குமுன் கேளுங்கள்: எதை அளக்கிறீர்கள், பெயரை எங்கே எழுதுகிறீர்கள், கோளாறு என்று கண்டால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தத் திகதியில் அனுப்புவீர்கள், பஸ் காசு யார் தருவார்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வருபவர்கள் பதிலோடு மறுபடியும் வரட்டும். அதுவரை இடுப்பு நோவுக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகளை வழக்கமாக விழுங்காதீர்கள். அவற்றில் பல சிறுநீரகத்துக்கு ஆகாதவை.