அறக்கட்டளைக்கு ஏது வில்லங்கச் சான்று?

வடபழனி ஆண்டவர் கோயிலைச் சுற்றியுள்ள சில தெருக்களைப் பார்த்தாலே போதும், லாப நோக்கமற்ற அமைப்புகள் தமிழ்நாட்டில் எத்தனை சட்டங்களுக்குள் சிதறிக் கிடக்கின்றன என்பது விளங்கிவிடும். கோயில், 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் கீழ் வருகிறது. பி. நாகிரெட்டி 1972-இல் தொடங்கிய விஜயா மருத்துவமனையை ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. சினிமாத் தொழிலாளர் சங்கங்கள் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தின்படி பதிவானவை. பல அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்கள் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவானவை, தி.நகர் ஹபிபுல்லா சாலையில் இருக்கும் நடிகர் சங்கமும் அப்படியே. இவற்றில் கோயிலின் சொத்தைப் பற்றி மட்டும்தான் அரசால் ஏக்கர் கணக்கில் பேச முடிகிறது. 2021 ஜூனில் சாலிகிராமத்தில் இதே கோயிலுக்குச் சொந்தமான 5.5 ஏக்கர் மீட்கப்பட்டது. மாநிலக் கோயில்களின் நிலம் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் என்று அறநிலையத் துறை சொல்கிறது. நில ஆவணங்களை இணையத்திலும் ஏற்றிவருகிறது. மற்ற அமைப்புகள் எத்தனை, அவற்றில் எத்தனை உயிரோடு இயங்குகின்றன, எத்தனை பேருக்கு வேலை கொடுக்கின்றன என்பதையெல்லாம் ஒரு குடிமகன் ஒரே இடத்தில் பார்க்க வழியில்லை. அரசு இவற்றை எண்ண வேண்டும். எண்ணியதை எவரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். அடக்கி ஆள்வதற்காக இதைக் கேட்கவில்லை. நாம் எதை நம்பி வாழ்கிறோம் என்பது நமக்கே தெரியவேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

சிக்கலின் வேர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. சங்கமாகப் பதிவு செய்தவர்கள் ஆண்டுதோறும் கணக்கையும் நிர்வாகிகளின் விவரத்தையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். அறக்கட்டளை தொடங்குபவருக்கு அந்தக் கடமை இல்லை. அவர் சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அறக்கட்டளைப் பத்திரத்தைப் பதிவு செய்கிறார். அந்த அலுவலகத்துடன் அவருக்குள்ள உறவு அன்றே முடிந்துவிடுகிறது. மகாராஷ்டிரத்தில் 1950-ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டமும் அதற்கென்று ஓர் அறக்கொடை ஆணையரும் உண்டு. தமிழ்நாட்டில் பொது அறக்கட்டளைகளுக்கென்று அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அசையாச் சொத்து எதுவும் சேராத அறக்கட்டளைப் பத்திரம் பதிவு அலுவலகத்தின் 4-ஆம் புத்தகத்தில் ஏறுகிறது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவின்படி அந்தப் புத்தகத்தின் நகலைப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவரும் அதன் வழியே உரிமை கோருபவரும்தான் வாங்க முடியும். அரை கிரவுண்டு மனை வாங்குபவர் முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். ஊர் மக்களிடம் நன்கொடை கேட்டு வரும் அறக்கட்டளையின் பத்திரத்தை அந்த ஊர் மக்கள் அங்கே பார்க்க முடியாது.

எண்ணாமல் விட்டதன் விளைவு தேசிய அளவில் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. மத்தியப் புள்ளியியல் அலுவலகம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை, 2008 வரை நாட்டில் பதிவான அமைப்புகள் சுமார் 31.7 லட்சம் என்றது. களத்துக்குப் போய்த் தேடியது ஏறக்குறைய 22 லட்சம் அமைப்புகளை. அகப்பட்டவையோ 7 லட்சத்துக்கும் குறைவு. மூன்றில் இரண்டு பங்கு, கொடுத்த முகவரியில் இல்லை. அந்தக் கணக்கெடுப்பும் முதன்மையாகச் சங்கப் பதிவுகளையே அடிப்படையாகக் கொண்டது. நம் சார் பதிவாளர் அலுவலகங்களில் உறங்கும் அறக்கட்டளைப் பத்திரங்கள் அதன் வலைக்குள் வரவில்லை. இருந்தும் 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் மத்தியப் புலனாய்வுத் துறையும், மாநிலங்களிடம் திரட்டிய பதிவுகளை வைத்து, 31 லட்சம் என்றே பேசியது. 400 பேருக்கு ஒரு தொண்டு நிறுவனம், 709 பேருக்கு ஒரு காவலர் என்ற ஒப்பீடு தலைப்புச் செய்தியானது. வரவு செலவு தாக்கல் செய்பவை பத்தில் ஒன்றுகூட இல்லை என்ற செய்தியும் சேர்ந்துகொண்டது. கலைந்துபோன சங்கமும் காகிதத்தில் மட்டும் இருந்த சங்கமும் இயங்கும் மருத்துவமனையும் ஒரே கூட்டலில் அடங்கியதால் வந்த பயம் இது. அதற்கு விலை கொடுத்தவர்கள் ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தவர்கள்தாம்.

இந்தத் துறை ஓரத்தில் நிற்கும் சிறு துறை என்ற எண்ணமும் எண்ணாததால் வந்ததே. முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, கே.எஸ். சஞ்சீவி 1958-இல் உருவாக்கிய வி.எச்.எஸ். மருத்துவமனை, மனநலத்துக்கென்று 1984-இல் வந்த ஸ்கார்ஃப், தெருவில் விடப்பட்ட மனநோயாளிப் பெண்களுக்காக 1993-இல் வந்த பான்யன் ஆகிய எல்லாமே சென்னை ஒன்றில் மட்டும். தனியார் பொறியியல் கல்லூரி தொடங்குபவர் அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ லாப நோக்கமற்ற நிறுவனமாகவோதான் பதிவு செய்தாக வேண்டும். அப்படியானால் அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அனைவரும் இந்தத் துறையின் ஊழியர்கள். 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸை அரசின் சார்பில் இயக்குவதும் லாப நோக்கமற்ற அமைப்புதான். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களைக் கிராமம் கிராமமாகக் கட்டியெழுப்பியதில் தொண்டு நிறுவனங்களின் உழைப்பு கலந்திருக்கிறது. இன்று பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் பெண்கள் அந்தக் குழுக்களைச் சேர்ந்தவர்கள். இத்தனையும் தாங்கி நிற்கும் ஒரு துறைக்கு மாநிலத்தின் வரவு செலவு விவாதத்தில் தனித் தலைப்பு இல்லை. 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவில், தன்னார்வலர்கள் நேரடியாக உணவு வழங்கக் கூடாது என்று அரசு சொன்னது. முன்கூட்டியே தகவல் தெரிவித்துவிட்டு வழங்கலாம் என்று உயர் நீதிமன்றம் தளர்த்தியது. எந்த வட்டத்தில் எந்த அமைப்பு சமையற்கூடம் வைத்திருக்கிறது என்ற பட்டியல் ஆட்சியர்கள் கையில் இருந்திருந்தால், தடை என்ற எண்ணமே எழுந்திருக்காது என்பது என் துணிபு.

இப்படி எண்ணி வெளியிடுவதற்கு வரும் முதல் எதிர்ப்பு வலுவானது. அதை எளிதில் ஒதுக்க முடியாது. பட்டியல் என்று தொடங்குவது கடிவாளத்தில்தான் முடியும் என்கிறார்கள் களத்தில் இருப்பவர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பெற்ற நன்கொடையை இன்னொரு சிறிய அமைப்புக்குப் பகிர்வதைத் தடுத்தது. 2022 ஜனவரி முதல் தேதியில் ஏறக்குறைய 6,000 அமைப்புகளின் பதிவு காலாவதியானது. உள்ளூரிலும் பார்த்தோம்: 2019 ஜூனில் நடந்த நடிகர் சங்கத் தேர்தலின் வாக்குகள் 2022 மார்ச்சில்தான் எண்ணப்பட்டன, இடையில் அரசு தனி அதிகாரியை நியமித்தது. திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்துக்கும் 2019-இல் தனி அதிகாரி வந்தார். இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த நடவடிக்கைகள் எதற்கும் பொதுப் பட்டியல் தேவைப்படவில்லை. அதிகாரம் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. இல்லாதது மக்களிடம் இருக்கவேண்டிய தகவல். எனவே உரிமம் தருபவரும் எண்ணுபவரும் வேறுவேறாக இருக்க வேண்டும். ஊழியர் எண்ணிக்கை, செலவு போன்றவற்றைப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை, 2008-ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டத்தின் கீழ் திரட்டட்டும். அப்படித் திரட்டியதைப் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், கொடுத்தவரை அடையாளம் காட்டி வெளியிடக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பெயர், நோக்கம், முகவரி, அறங்காவலர்கள், கடைசியாகக் கணக்கு கொடுத்த ஆண்டு ஆகிய ஐந்தும் மட்டும் பெயரோடு பொதுவெளியில் இருந்தால் போதும்.

சிறிய அமைப்புகளால் விவரம் தாக்கல் செய்யும் சுமையைத் தாங்க முடியாது என்பது இரண்டாவது எதிர்ப்பு. இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 1.7 லட்சம் அறக்கொடை அமைப்புகளின் விவரத்தை எவரும் இணையத்தில் பார்க்கிறார்கள். அங்கே வருமானம் குறைந்த அமைப்புகளுக்கு ஆண்டறிக்கைப் படிவமும் சுருக்கமானது. மாலைநேர டியூஷன் நடத்தும் தெருச் சங்கத்துக்கு ஒரு பக்கப் படிவம் தமிழில் இருந்தால் போதும். வருமான வரித் துறையிடமும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்திலும் தகவல் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கெல்லாம் இருப்பவர்கள் வரிவிலக்கோ மானியமோ கேட்டுப் போனவர்கள். எதையும் கேட்காமல் வேலை செய்பவர்கள் அங்கே தெரியமாட்டார்கள். கட்டணக் கல்லூரியையும் முதியோர் இல்லத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்ற கேள்வியும் நியாயமானது. வைக்கக் கூடாது. இத்தகைய அமைப்புகளைப் பண்பாடு, கல்வி, மருத்துவம் எனப் பன்னிரண்டு பிரிவாகப் பகுக்கும் சர்வதேச முறை ஒன்றை ஐ.நா. 2003-லேயே தன் கையேட்டில் ஏற்றுக்கொண்டது. பிரித்து எண்ணினால்தான் கல்விக் கட்டணத்தில் நடப்பது எவ்வளவு, உண்மையான கொடையில் நடப்பது எவ்வளவு என்பது வெளிச்சத்துக்கு வரும். அதைக் கண்டு அஞ்சவேண்டியவர்கள் இருக்கலாம். அவர்கள் முதியோர் இல்லம் நடத்துபவர்கள் அல்லர்.

தொடங்குவதற்குப் புதிய சட்டம்கூட உடனே வேண்டாம். தமிழ்நாட்டின் பத்திரப் பதிவு 2018-இலேயே ஸ்டார் 2.0 என்ற இணையவழி மென்பொருளுக்கு மாறிவிட்டது. புதிதாகப் பதிவாகும் ஒவ்வோர் அறக்கட்டளையிடமும் அந்த ஐந்து விவரங்களைப் பொதுப் பட்டியலுக்கென்று தனிப் படிவத்தில் வாங்கி, மாவட்டப் பதிவாளரிடம் உள்ள சங்கங்களின் விவரத்தோடு ஒரே தளத்தில் ஏற்ற ஓர் அரசாணை போதும். பழையவற்றைத் தேட ஒரு மாவட்டத்தில் வெள்ளோட்டம் பார்க்கலாம். எல்லா வகை அமைப்புகளும் நெருங்கிக் கிடக்கும் சென்னையிலேயே அதை நடத்தி, எத்தனை கதவுகள் திறந்தன, எத்தனை முகவரிகளில் ஆளில்லை என்ற முடிவைப் பதிவுத் துறை தன் அடுத்த கொள்கை விளக்கக் குறிப்பில் சட்டமன்றத்தின் முன் வைக்கட்டும்.