பாட்டில்லாத கிட்டார்

கார்த்திகை தீபத் திருவிழா நாள்களில் திருவண்ணாமலை மாடவீதிகளில் சுவாமி புறப்பாடு வரும்போது, முன்னால் போகும் நாகஸ்வரத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். மல்லாரி முடிந்ததும் கலைஞர் ஒரு ராகத்தை எடுப்பார். ஒரு வீதி கடந்து அடுத்த வீதி திரும்பும்வரை அதை விரித்துக்கொண்டே போவார். கையில் தாள் கிடையாது, வாயில் சாகித்தியம் கிடையாது. அடுத்த பிடி என்ன என்பது அந்த நொடியில்தான் பிறக்கிறது. இதே ஊரில், செங்கம் சாலைப் பக்கம், ரமணாசிரமத்தை நாடிவரும் வெளிநாட்டவரில் தோளில் கிட்டார் மாட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. மாடவீதி நாகஸ்வரமும் செங்கம் சாலைக் கிட்டாரும் ஒன்றையொன்று அறியாத இரண்டு உலகங்களாக நமக்குத் தோன்றுகின்றன. அது தவறான எண்ணம். அக்கூஸ்டிக் கிட்டாரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, பாட்டு எதுவும் இல்லாமல், மனோதர்மமாக வாசிப்பது தமிழ்க் காதுக்கு அந்நியமான வித்தை அல்ல. நாம் கிட்டார் கற்றுக்கொடுக்கும் முறைதான் அதை அந்நியமாக்கி வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டுப் பட்டிதொட்டியெங்கும் கிட்டார் ஒலியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சினிமா. கிளாசிக்கல் கிட்டார் முறையாகப் பயின்ற இளையராஜா, 1980-இல் ‘மூடுபனி’யிலும் 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’யிலும் கிட்டார் முன்னால் நிற்கும் பாடல்களைத் தந்தார். அவற்றைக் கேட்டுவிட்டுக் கிட்டார் வாங்கியவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. ஆனால் அந்தப் பாடல்களிலும் கிட்டார் பாட்டுக்காகத்தான் வருகிறது. குரல் நுழைந்ததும் அது ஒதுங்கி வழிவிடுகிறது. கிட்டார் வகுப்புகள் அந்த ஒதுங்கலை மட்டும் பிடித்துக்கொண்டன. நாலு கார்டு, அதற்கேற்ற பாட்டு, இல்லாவிட்டால் கிரேடு தேர்வுக்கான தாள். மூன்று வருடம் படித்த பிள்ளையிடம் தாளை வாங்கி வைத்துவிட்டு, “உனக்குத் தோன்றியதை இரண்டு நிமிடம் வாசி” என்றால் விரல் நின்றுவிடுகிறது. குறை பிள்ளையிடம் இல்லை. அப்படி வாசிக்கலாம் என்று யாரும் அதனிடம் சொன்னதே இல்லை.

கருவி அதற்கு இடம் கொடுக்குமா என்று கேட்டால், தாராளமாகக் கொடுக்கும். 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டன் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் மொராக்கோவில் ஊத் என்னும் அரபுத் தந்திக் கருவியை வாசிப்பவர்களைக் கேட்டார். அவர்களோடு சேர்ந்து வாசிக்கத் தம் கிட்டாரின் ஆறு தந்திகளில் மூன்றை ஒரு முழுச் சுரம் இறக்கிக் கட்டினார். தடித்த தந்தி தொடங்கி மெல்லியது வரை டி, ஏ, டி, ஜி, ஏ, டி. டி-யைச் சட்ஜம் என்று வைத்துப் பாருங்கள்: ச, ப, ச, ம, ப, ச. தம்புராவில் பஞ்சமமும் மத்தியமமும் சேர்ந்து ஒலித்தால் எப்படியோ அப்படி. இதில் காந்தாரம் கிடையாது. மேஜரா மைனரா என்று தீர்மானிப்பது காந்தாரம்தான். அது இல்லாததால் தந்திகள் எந்த ராகத்தையும் முன்கூட்டியே கட்டிப்போடுவதில்லை. மத்தியமாவதிக்கு ஆறு தந்தியும் அப்படியே பொருந்தும். மெல்லிய தந்தியின் இரண்டாம் கட்டத்தில் ரிஷபம், ஐந்தில் மத்தியமம், ஏழில் பஞ்சமம், பத்தில் நிஷாதம், பன்னிரண்டில் சட்ஜம். கட்டைவிரல் கீழ்ச் சட்ஜத்தை விட்டுவிட்டு மீட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் ராகத்தைத் தேடலாம். மோகனம் வேண்டுமானால் மூன்றாம் தந்தியை அரைச் சுரம் இறக்கினால் போதும், மத்தியமம் போய் அந்தர காந்தாரம் வந்துவிடும். சுருதிக்கு ஒருவர், ராகத்துக்கு ஒருவர் என்று இரண்டு பேர் செய்யும் வேலையை ஒரே ஆள் ஒரே மரப்பெட்டியில் செய்ய முடிகிறது. இந்தக் கருவியைப் பாட்டுக்குப் பக்கவாத்தியமாக மட்டும் வைத்திருப்பது பெரிய நஷ்டம்.

கட்டங்கள் உள்ள கருவியில் கமகம் வராது என்பது பழைய ஆட்சேபம். வீணையிலும் இருபத்து நான்கு மெட்டுகள் இருக்கின்றனவே! தந்தியை இழுத்துத்தானே அங்கே கமகம் பிறக்கிறது? கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் 1970-களில் ‘சக்தி’ குழுவுக்காகச் செய்வித்துக்கொண்ட அக்கூஸ்டிக் கிட்டாரில், கட்டங்களுக்கு நடுவே மரத்தைக் குழியாகச் சீவி, தந்தியை வசமாக இழுக்க வழிசெய்திருந்தார்கள். கர்நாடக இசையைக் கிட்டாரில் கச்சேரி அளவுக்கு வாசித்துக் காட்டிய பிரசன்னா பிறந்தது ராணிப்பேட்டையில். 1989 வரை அதுவும் திருவண்ணாமலையும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரசன்னா பெயர்பெற்றது எலெக்ட்ரிக் கிட்டாரில். மாண்டலின் ஸ்ரீனிவாஸும் எலெக்ட்ரிக் மாண்டலினையே கையில் எடுத்தார். மீட்டிய ஒலி சீக்கிரம் அடங்கிவிடுவது அக்கூஸ்டிக் கருவியின் உண்மையான சங்கடம். நீண்ட கார்வையை அதில் எதிர்பார்க்க முடியாது. அதனால் வேறு வகையாக யோசிக்க வேண்டியிருக்கிறது: சின்னச் சின்னப் பிடிகள், நடுவே நிசப்தம், அந்த நிசப்தத்திலும் அறாமல் ஓடும் சுருதி. மைக் வருவதற்கு முன்பு வீணையும் இப்படித்தான் இருந்தது; கேட்பவர்கள்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

இலக்கணம் தெரியாமல் தோன்றியதை வாசிப்பது வெறும் சத்தம் என்பார்கள். பாதி உண்மை. இங்கிலாந்தின் டெரெக் பெய்லி நடன இசைக்குழுக்களில் பிழைப்புக்காகப் பல ஆண்டுகள் வாசித்துவிட்டு, எந்த மரபின் இலக்கணத்துக்கும் கட்டுப்படாத தனிக் கிட்டாருக்குப் போனவர். அந்த வழி எல்லோருக்கும் ஆகாது. எனக்கும் அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அவரே 1980-இல் மனோதர்ம இசை பற்றிப் புத்தகம் எழுதியபோது, உலக மரபுகளில் முதலில் எடுத்துக்கொண்டது இந்திய இசையைத்தான். நமக்கு ராகம் என்ற வரப்பு இருக்கிறது. அதற்குள் நின்று யாரும் வெகுதூரம் போகலாம். மோகன வீணைக் கலைஞர் விஷ்வ மோகன் பட்டும் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடரும் சந்தித்த சற்று நேரத்திலேயே உட்கார்ந்து வாசித்த பதிவு 1994-இல் கிராமி விருது பெற்றது. ஒத்திகை இல்லாமல் அவர்களைச் சேர்த்துவைத்தது அவரவர் மரபில் இருந்த தேர்ச்சி.

வார்த்தை இல்லாத இசையைத் தமிழர்கள் கேட்கமாட்டார்கள் என்ற வாதத்துக்கு மாடவீதியே பதில். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்கத் திரண்ட கூட்டம் அதில் வார்த்தை தேடவில்லை. ஆகவே திருவண்ணாமலையிலும் வேலூரிலும் மற்ற ஊர்களிலும் கிட்டார் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பத்து நிமிடம் தாளை மூடிவையுங்கள். ஒரு ராகத்தின் ஐந்து சுரங்களைக் கொடுத்து, பிள்ளையைத் தனியாக வாசிக்க விடுங்கள். தவறினால் நிறுத்தாதீர்கள்.