கையொப்பம் போட மட்டும்தானா தந்தை?

நாள் குறித்துச் செய்யப்படும் சிசேரியன் பிரசவத்தில் பதற்றத்திற்கு இடமில்லை. அறுவை எந்த நாளில் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. ஒப்புதல் படிவத்தில் கணவரிடமும் கையொப்பம் வாங்குகிறார்கள். இரத்தம் தேவைப்பட்டால் கொடுப்பதற்கு ஆள் தேடுவதும், வெளியில் எழுதிக் கொடுக்கும் மருந்தை வாங்கி வருவதும் அவரது பொறுப்பாகவே இருக்கிறது. ஆனால் அறுவை அரங்கின் கதவு மட்டும் அவருக்குத் திறப்பதில்லை. நாட்டின் பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் இதுவே நடைமுறை.

அந்தக் கதவுக்குப் பின்னால் தாய் விழித்திருக்கிறாள். முதுகில் போடப்படும் ஊசி இடுப்புக்குக் கீழே வலியை மரக்கச் செய்கிறதே தவிர, நினைவைப் பறிப்பதில்லை. மார்பளவில் ஒரு திரை, இருபுறமும் நீட்டி வைக்கப்பட்ட கைகள், கருவிகளின் ஓசை. அறுவை தொடங்கிய சில நிமிடங்களில் குழந்தை வெளியே எடுக்கப்படுகிறது. தையல் போட்டு முடிக்க அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகிறது. குழந்தை அழுததா, எங்கே கொண்டு சென்றார்கள் என்ற கேள்விகளோடு அவள் தனியாகக் கிடக்கிறாள். வெளியே நிற்கும் தந்தையிடம் துணியில் சுற்றிய குழந்தையைக் காட்டுகிறார்கள். தாய் எப்படி இருக்கிறாள் என்பதை அறிய அவர் மேலும் காத்திருக்க வேண்டும்.

இது மருத்துவ அறிவியல் விதித்த தனிமை அன்று. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில், முதுகில் ஊசி போட்டுச் செய்யப்படும் திட்டமிட்ட சிசேரியனின்போது துணைவர் உடனிருப்பது வழக்கமான நடைமுறை. தூய்மையான அங்கி, தொப்பி, முகக்கவசம் அணிந்து அவர் தாயின் தலைமாட்டில் அமர்கிறார். திரைக்கு அப்பால் நடப்பதை அவர் பார்க்க வேண்டியதில்லை. கையைப் பற்றிக்கொள்கிறார், பேசுகிறார். குழந்தை நலமாக இருந்தால், தையல் முடியும்வரை தன் மார்போடு அணைத்து வைத்திருக்கவும் முடிகிறது. முழு மயக்கம் தேவைப்படும்போதும் நெருக்கடி நேரும்போதும் அவர் வெளியேற வேண்டும் என்பது முன்பே சொல்லப்படுகிறது. தலைசுற்றும் தந்தையரும் உண்டு; அதற்கு வேண்டியது முன்தயாரிப்பு, தடை அன்று.

இந்திய அரசு 2016 பிப்ரவரியில் அரசு மருத்துவ நிலையங்களில் பிரசவத் துணைக்கு அனுமதி அளித்தது. பிரசவ அனுபவமுள்ள பெண் உறவினருக்கே முதலிடம். அந்தரங்கம் காக்கப்படும் இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்றது. தாய் விரும்பும் துணை உடனிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. இவை முதன்மையாகப் பிரசவ அறையை மனத்தில் கொண்டவை. அறுவை அரங்கில் தாய்க்குப் பெண் துணையும் இல்லை, கணவர் துணையும் இல்லை.

இது சிலரின் பிரச்சினை மட்டுமன்று. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டின் பிரசவங்களில் 21.5 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் இது 14.3 சதவீதம், தனியாரிலோ 47.4 சதவீதம். தேவையற்ற அறுவைகளால் இலாபம் ஈட்டும் தனியார் துறையில், சில மருத்துவமனைகள் தந்தையை உள்ளே அனுமதிப்பதையும் வசதிகளில் ஒன்றாக்கி விலைக்கு விற்கின்றன. காசுள்ளவருக்கு மனைவியின் தலைமாட்டில் இருக்கை. கூலித் தொழிலாளிக்கு மூடிய கதவு.

தொற்று பரவும் என்பது ஒரு மறுப்பு. பயிற்சி மாணவர்கள் அணியும் அதே அங்கி தந்தைக்கும் பொருந்தும். இடமில்லை, ஒரே அரங்கில் அடுத்தடுத்த மேசைகளில் பிற பெண்களும் கிடக்கிறார்கள், செவிலியருக்கு வேலைப்பளு மிகுதி என்ற மறுப்பு உண்மையானது. ஆனால் அது தந்தைக்கு எதிரான வாதம் அன்று. அரசின் நிதி ஒதுக்கீட்டுக்கு எதிரான குற்றச்சாட்டு. பொதுச் சுகாதாரச் செலவை 2025க்குள் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாக 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. அந்த இலக்கு எட்டப்படவில்லை.

கதவு திறந்தாலும் எல்லாத் தந்தையராலும் உள்ளே வந்துவிட முடியாது. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறைத் தொழிலாளிக்கும் அமைப்புசாராத் தொழிலாளிக்கும் அத்தகைய சட்ட உரிமை இல்லை. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதைத் தரவில்லை. அன்றாடக் கூலியை இழந்துதான் அவர் மருத்துவமனை வாசலில் நிற்கிறார்.

ஒன்றில் ஐயத்திற்கு இடமிருக்கக் கூடாது. முடிவு பெண்ணுடையது. தாயோ சகோதரியோ தோழியோ அருகில் இருக்க வேண்டும் என்று அவள் விரும்பலாம். கணவர் வேண்டாம் என்றும் சொல்லலாம். வன்முறைக்கு ஆளாகும் பெண்ணுக்கு அந்த மறுப்பே பாதுகாப்பு. கணவர் இல்லாத வேளையில் அவளிடம் தனியாகக் கேட்டறிய வேண்டும். தந்தையின் உரிமை அவளது விருப்பத்தின் வழியாக மட்டுமே உள்ளே நுழைய முடியும்.

பிரசவத் துணைக்கான விதி சிசேரியன் அரங்குக்கும் விரிவாக வேண்டும். தாய்மார்களுக்குத் தனித்தனித் தடுப்புகளும், போதிய செவிலியர் பணியிடங்களும், அனைத்துத் தொழிலாளருக்கும் ஊதியத்துடன் கூடிய தந்தைமை விடுப்பும் அதனுடன் சேர்ந்தே வர வேண்டும். மாதர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் இதைப் பொதுக் கோரிக்கையாக எடுக்கும்போது, குழந்தை வளர்ப்பு பெண்ணின் தனிச்சுமை என்ற பழைய எண்ணமும் கேள்விக்கு உள்ளாகும். பிள்ளை பிறக்கும் நேரத்தில் வெளியே நிறுத்தப்படும் ஆணிடம், மறுநாள் முதல் பொறுப்பில் பங்கெடு என்று சொல்வது அரைகுறை நியாயமே.